கணு தாண்டாத மோதிரம்

இல்ல பத்தரே, நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. நூல் அளவுக்கு கரெக்டாத்தான் இருக்குது. நான் இன்னா சொல்றேன்னா, இத்த இன்னும் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்க. ஆமா, இதவிட சின்னதா. கணு தாண்டாட்டிப் போவுது, பரவால்ல. நாளன்னிக்கு நிச்சயதார்த்தம். எம்பொண்ணு சத்யப்ரியா மாப்ள வெரல்ல மோதிரத்த மாட்டும்போது, சபையில கழண்டு கீழ வுழாம இருந்தா போதும் எனக்கு.

இன்னா சிரிக்கிறீங்க? ஓ, கணுன்னு சொன்னதுக்கா? நீங்க மொளின்றீங்க, நான் கணுன்றேன், ரெண்டும் ஒண்ணுதான. நாங்க மாகறல் பக்கம், கரும்பு போட்ட குடும்பம். கரும்புல முடிச்சு முடிச்சா இருக்குது பாருங்க, அதான் கணு. அதுலதான் முளையே வரும். கணு இல்லாத துண்ட நட்டுட்டு நீங்க தண்ணி ஊத்திக்கினே இருக்க வேண்டியதுதான். எங்க ஊர்ல வெரல் மடங்கற எடத்துக்கும் அதே பேருதான். கரும்புல இருந்து வெரலுக்கு வந்துதோ, வெரலப் பாத்துட்டு கரும்புக்கு வெச்சாங்களோ, யாரு கண்டா? இங்க பெரிய காஞ்சிபுரத்துல எங்க பக்கத்து வூட்டு தறிக்காரம்மா தெலுங்கு பேசறவங்க. அவங்க கணுபுன்றாங்க. அவங்களுக்கும் கரும்புக்கும் வெரலுக்கும் சேத்து ஒரே வார்த்தைதானாம். எல்லாரும் ஒரே கரும்பத்தான் கடிச்சிக்கினு இருந்திருப்பாங்க போல.

வழவழன்னு பேசறேன், இல்ல? வேலையப் பாருங்க, நான் பேசிக்கினே இருக்கேன். சும்மா உக்கார முடியல எனக்கு.

ஆமா, நீங்க சொல்றது சரிதான். அடி வெரலுக்கு அளவா செஞ்சா கணு தாண்டாது, தாண்டற மாதிரி செஞ்சா அடியில கொஞ்சம் லூசாத்தான் இருக்கும். அதுக்குத்தான் அந்தக் கணு காவல் நிக்குது. இதோ எங்கையப் பாருங்க, கல்யாணத்துக்குப் போட்டது, சோப்பு போட்டு இழுத்தாலும் வரமாட்டேங்குது. கணு புடைச்சிக்கினு நிக்குது பாருங்க, அது புடிச்சி வெச்சிருக்குது.

மாப்ளைக்கு அந்தக் காவல் இல்ல பத்தரே.

வலது கையி. மோதிர வெரலும் சுண்டு வெரலும் நடுக்கணுவோட போயிடுச்சு. அடி மட்டும் மொட்டையா நிக்குது. ஆனந்தகுமாருன்னு பேரு, ஓரிக்கைக்காரப் பையன், தங்கமான புள்ள. எம்பொண்ணு வேல செய்யற கம்பெனியிலதான் அவனும். கார் சாமான் அடிக்கிற பிரஸ் மிசினு. ஒருத்தர் தகடு வெக்கணும், பக்கத்துல நிக்கிறவங்க பட்டன அமுக்கணும். அவன் தகடு வெச்சிக்கினு இருந்தான், கைய எடுக்கறதுக்குள்ள மேல இருந்து எறங்கிடுச்சு. போன ஐப்பசியில நடந்தது.

நூலா? அது அவனோட இடது கை அளவு. சம்பந்தியம்மா எடுத்துக் குடுத்தாங்க. அய்யய்ய, மறைக்கறதுக்கெல்லாம் இல்ல. ஊருக்கே தெரியும். அந்த வலது கையத் தொட்டா அவங்களுக்கு அழுகை வந்துடுது, அதான்.

நானும் அதேதான் சொன்னேன் பத்தரே, இடது கையிலயே போட்டுடலாம்னு. எம்பொண்ணு கேட்டாத்தான? போட்டா அந்த வெரல்லதான் போடுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. இந்தக் கல்யாணமே அவ எடுத்த பேச்சுதான். எனக்கு அவனத்தான் புடிச்சிருக்குதுன்னு வந்து நின்னா. எங்கூட்டுக்காரருக்கு இஷ்டமில்ல. நான்தான் சண்டை போட்டு சம்மதிக்க வெச்சேன். தெருவுல கூட சொன்னாங்க, உம்பொண்ணுக்கு எம்மாம் பெரிய மனசுன்னு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துது. பொய் சொல்லுவானேன்.

போன ஞாயித்துக்கெழம சோறு வெச்சிக்கினு இருந்தா. குக்கர்ல அரிசி மேல வெரல வெச்சி ஒரு கணு தண்ணி ஊத்தணுமில்ல? வெரல வெச்சவ எடுக்கவே இல்ல. தண்ணி குழாய்ல இருந்து கொட்டுது, ரொம்பி வழியுது, அந்த வெரலையே பாத்துக்கினு நிக்கறா. இன்னாடின்னு தோளத் தொட்டேன். பொளபொளன்னு அழுதுட்டா. அப்புறம் ஒண்ணு சொன்னா. கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமில்ல பத்தரே. இவ ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கிறாளா, இல்ல வேற எதுக்குனா கழுத்த நீட்டறாளான்னு தெரியல. கேக்கவும் பயமா இருக்குது.

அது கெடக்கட்டும். எனக்கு சம்பந்தியம்மாவ நெனச்சாத்தான் கவலை. நல்லவங்கதான். ஆனா நூலக் குடுக்கும்போது இன்னா சொன்னாங்க தெரியுமா? அந்தப் பையன், தப்பு எம்மேலதான், நான்தான் அசால்ட்டா கைய வுட்டுட்டேன்னு கம்பெனியில எழுதிக் குடுத்துட்டானாம். அந்தம்மா நம்பல. எம்புள்ள ஒரு நாளும் அப்படி கைய வுடமாட்டான், எவனோ பாக்காம பட்டன அமுக்கிட்டான், அந்தக் கை வெளங்காமப் போவணும்னு மண்ண வாரித் தூத்தினாங்க. எங்கிட்டயே. என் வூட்டு நாற்காலியில உக்காந்துக்கினு. எம்பொண்ணு அப்பத்தான் அவங்களுக்குக் காப்பி எடுத்துக்கினு வந்தா. டம்ளர அவங்க கையில குடுக்காம கீழ வெச்சிட்டு உள்ள போயிட்டா. கூச்சம்னு நெனச்சிக்கினாங்க அவங்க.

சபையில அந்த மோதிரம் கழண்டு உருண்டுச்சுன்னு வைங்க, அந்தம்மா திரும்பவும் வாயத் தொறப்பாங்க. அத்தனை பேரு நடுவுல, எம்பொண்ணு பக்கத்துல நிக்கும்போது. அதுக்குத்தான் உங்க உசுர வாங்கறேன்.

இன்னா சொல்றீங்க? வாய் தொறந்த மாதிரியா? ஓ, வளையத்த ஒரு எடத்துல வெட்டி வுட்டுட்டு, மாட்டினதும் ரெண்டு பக்கமும் சேத்து ஒரு அமுக்கு அமுக்கினா வெரலோட இறுக்கிக்கும். நல்ல ரோசனதான். வெட்டின எடமே தெரியாதா? சரி, யாரு அமுக்கணும்? பொண்ணேவா?

வேணாம் பத்தரே. அவ கையால வேணாம். மோதிரத்த மாட்டுடின்னா மாட்டிடுவா. அவன் வெரல்ல வெச்சி அமுக்குடின்னா முடியாது அவளால. அன்னிக்கு அந்தப் பட்டன அமுக்கினதும் அவதான்.

அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தான்.

நீங்க சின்னதாவே செஞ்சிடுங்க. அந்தக் காத்தாடிய இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி வுடறீங்களா? வேர்க்குது.