தோற்றவரிடமிருந்து வந்த பதில்

கம்பளை பஸ்ஸில் எனக்கு முன்னால் மருந்துக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“பொக்ஸிங்ல அடி விழுறப்ப நான் கண்ண மூடிக்குவேன்,” என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

“அப்புறம் எப்படிக்கா அதப்பத்தி வெப்சைட் நடத்துறீங்க?” என்றாள் இளையவள்.

“அதான் போன மேட்ச்ல மாட்டிக்கிட்டேன். ஹார்ட் ராக் பாட்டு வேற சத்தமா போட்டிருந்தேன், முடிவு சொன்னது கேக்கல. தோத்தவரு ஜெயிச்சிட்டாருன்னு எழுதிட்டேன்.”

“ஐயோ! யாரும் திட்டலையா?”

“அந்தத் தோத்தவரே எழுதியிருக்காரு.”

நான் பேராதனையில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

“என்னன்னு?”

“‘நன்றி, மாத்திறாதீங்க’ன்னு.”

“மாத்திட்டீங்களா?”

“எப்படிடீ மாத்துறது? அவங்க அம்மா அத தெரு முழுக்கக் காட்டிட்டாங்களாம்!”