முகம் வெட்டிய பாட்டு

— இந்தக் கதிரையில இருங்க சோதி, அதுல கால் ஆடுது. ரெண்டு நாள் பொலிஸ்ல இருந்திட்டு வந்தவர நான் கீழ விழுத்தாட்டிட்டா, அக்குறணை முழுக்க என்னத்தான் ஏசும்.

— இருக்க வரேல்ல, பளீல் நானா. உங்களைக் கும்பிட வந்தனான்.

— அல்லாஹ்வே! எனத்துக்கு இதெல்லாம்? கைய எடுங்க. கடைக்கு ஆள் வார நேரம்.

— வரட்டும், பாக்கட்டும். ஆறு மாசமா உங்களோட கதைக்காமல் திரிஞ்ச வெக்கங்கெட்டவன் இண்டைக்குத் தேடி வந்திருக்கிறான் எண்டு எல்லாருக்கும் தெரியட்டும். நான் இன்னும் வீட்டை கூடப் போகேல்ல. விட்டவுடன மாத்தளை பஸ்ஸில ஏறீட்டன்.

— அடிச்சாங்களா?

— இல்லை. படம் பாத்தினம்.

— எந்தப் படம்?

— எங்கட பாட்டுத்தான். நீங்கள் எடிட் செய்து தந்த அந்த வீடியோ. சீடியைப் போட்டுப் போட்டு ரெண்டு நாளில பன்னிரண்டு தரம் பாத்தினம். எடுத்த நான் கூட அவ்வளவு தரம் பாக்கேல்ல.

— சிரிக்காதீங்க சோதி. என்னத்த கேட்டாங்க?

— ஒரே கேள்விதான். "பாட்டில நடிச்ச நாலு பேரும் ஆர், எங்க இருக்கிறாங்கள்?" ஹந்தானை மலையில யாழ்ப்பாணப் பெடியள் கமராவோட நிண்டவங்கள் எண்டு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம். ரோட்டால போன ஆக்களைப் பிடிச்சு நடிக்க வைச்சனான், பேர் தெரியாது எண்டு நான் ஒரேயடியாச் சாதிச்சன். "அப்ப முகத்தையாவது காட்டு" எண்டார் பொலிஸ் பெரியவர்.

— பொறகு?

— எங்கால காட்டுறது? முதுகு இருக்கு. கால் இருக்கு. குடை இருக்கு. மழைத்தண்ணி வழியிற கை இருக்கு. நாலரை நிமிசத்தில ஒரு மூக்கு நுனி கூட இல்லை, நானா! கடைசியில பெரியவருக்கே விசர் பிடிச்சிட்டுது. "நீயெல்லாம் ஒரு டைரக்டரா, முகம் இல்லாமல் ஒரு பாட்டா?" எண்டு ஏசிப்போட்டு, போடா எண்டு விட்டிட்டார்.

— அல்ஹம்துலில்லாஹ். அப்ப அந்தப் பொடியன்மார்?

— கெலிஓயாவில, அறையில, சுகமா இருக்கிறாங்கள். ஒருத்தனிட்டையும் ஒருத்தரும் போகேல்ல. அதுக்குத்தான் நன்றி சொல்ல வந்தனான்.

— எனக்கா?

— வேற ஆருக்கு? நான் எடுத்தது முகம். நாலு பேரையும் கமராவுக்குக் கிட்ட நிப்பாட்டி, கண்மடல் துடிக்கிறது தெரிய எடுத்தன். என்ரை வீடியோ எல்லாமே அப்பிடித்தானே? கண்ணில தண்ணி முட்டுறதைக் காட்டாட்டி அது பாட்டே இல்லை எண்டு திரிஞ்ச ஆள் நான். நீங்கள்தான் என்னை ஒரு சொல்லுக் கேக்காமல், அவ்வளவு முகத்தையும் வெட்டி எறிஞ்சியள்.

— அதுக்கு நீங்க ஏசின ஏச்சு இன்னும் காதுல ஈக்கிது.

— என்ன சொன்னனான்?

— "உமக்குக் கலியாண வீடியோதான் சரி. மாப்பிள்ளையின்ரை தலைக்கு மேல ரோசாப்பூ விழுத்துற வேலையைப் பாரும்" எண்டு. அதுவும் எங்கட ஊட்டுல, என்ட பொஞ்சாதி றமீலா டீ கொண்டு வந்து நிக்கக்குள்ள. அவ அண்டைக்கு முழுக்க என்ட மொகத்தப் பாக்கல்ல.

— றமீலா அக்காட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். தொண்ணூற்றைஞ்சில ஒரு உடுப்புப் பையோட கண்டிக்கு வந்த எனக்கு, முதல் முதல் கமரா தந்த கை உங்கட கை. அதை மறந்து கதைச்சன். இப்ப பாருங்கோ, என்னை மேல தூக்கி விட்டதும் அந்த வெட்டுத்தான். பேப்பரில எழுதினதைப் பாத்தனீங்களே? "முகத்தை மறைத்து மனத்தைக் காட்டும் இயக்குநர்" எண்டு!

— றமீலா வாசிச்சிக் காட்டின.

— எங்கட நவரட்ணராஜா இருக்கிறாரெல்லே, நீர்வீழ்ச்சியும் கூலிங்கிளாசும் இல்லாமல் ஒரு பாட்டும் எடுக்காத டைரக்டர்? அவரே இப்ப பாடுற ஆக்களை மற்றப்பக்கம் திருப்பி நிப்பாட்டுறாராம். பாட்டுக்காரி கமலாசனி சோடிச்சுக்கொண்டு போய் நிண்டிட்டு, "இவ்வளவு பவுடரும் முதுகுக்கோ பூசினனான்?" எண்டு சண்டையாம்.

— பாவம் அந்தப் புள்ள!

— அது சரி, பிடிபடேக்க பையில கிடந்த இந்தக் கடுதாசியைப் பாருங்கோ. கொழும்பில ஒரு ரீவிக்காரர் கேக்கினம். பன்னிரண்டு பாட்டு, எல்லாம் இந்த ஸ்ரைலில வேணுமாம். டைரக்‌ஷன் சோதிலிங்கம், பளீல் எண்டு ரெண்டு பேரையும் போட்டால்தான் செய்வன் எண்டு சொல்லப்போறன். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ.

— வேணாம் சோதி.

— ஏன்?

— எனக்கு இந்தக் கடையே போதும். ஒங்கட பேர மட்டும் போடுங்க.

— அப்பிடிச் சொல்லக் கூடாது. பஸ்ஸில வரேக்க ஒரு பெடியன்ரை தாய் வடிவம்மா போன் எடுத்து அழுதவ. "என்ரை பிள்ளையைக் காப்பாத்தினது ஆர்?" எண்டு கேட்டா, உங்கட பேரைச் சொன்னன். கோயிலில உங்களுக்கு அர்ச்சனை செய்யப்போறாவாம். என்ன நட்சத்திரம் எண்டு கேட்டா. அவர் முஸ்லிம் ஆள் எண்டன். "அதுக்கென்ன, பேரை மட்டும் சொல்லிச் செய்யிறன்" எண்டா.

— யா அல்லாஹ், அர்ச்சனையா! சோதி, மொதல்ல அத நிப்பாட்டச் செல்லுங்க. அந்தத் தாய்ட நன்றிக்கு நான் தகுதியான ஆளில்ல.

— சும்மா அடக்கம் காட்டாதேங்கோ.

— அடக்கமில்ல. பொய். நான் ஒங்களுக்குச் சென்னது முழுப் பொய். நான் ஒரு மொகத்தயும் வெட்டல்ல.

— எனக்கு விளங்கேல்ல.

— டேப் ரெண்டயும் மேசையில வச்சிட்டுப் போய் நீங்க காய்ச்சல்ல படுத்தீங்க தானே? அந்த ஞாயித்துக் கெழம திகனயில ஒரு நிக்காஹ். எடுத்துக்கிட்டு ஈக்கக்குள்ள டேப் முடிஞ்சிட்டு. மாப்புள்ள வாசல்ல வந்து நிக்கிறார். பேக்குக்குள்ள கைய விட்டு, கைக்கு ஆப்பட்ட டேப்பப் போட்டன். கடைக்கு வந்து பாத்தா, ஒங்கட பொடியன்மார்ட மொகத்துக்கு மேல மாப்புள்ள இருந்து புரியாணி திங்கிறார்.

— எல்லா முகமுமா போச்சு?

— எல்லாம். மத்த டேப்ல மிஞ்சினது நீங்க ஒத்திகைக்கு எடுத்த முதுகும் காலும் கொடயும் தான். எறிஞ்சிடுங்க எண்டு நீங்களே சென்ன துண்டுகள். நாலு நாள் குந்தியிருந்து அதப் பாட்டுக்குப் பொருத்தின. பளீல் டேப்ப அழிச்சிட்டான் எண்டு தெரிஞ்சா, ஒரு கலியாணத்துக்கும் என்னக் கூப்புட மாட்டாங்க. அந்தப் பயத்துல தான், "மொகம் வேணாம் எண்டு நான்தான் வெட்டின" எண்டு பெரிய கலைஞன் மாதிரிக் கதச்ச. இப்ப ஏசுங்க, கேட்டுக்கிறன்.

— அந்த டேப் எப்பிடி உங்கட கலியாணப் பைக்குள்ள போனது?

— அது தான் எனக்கும் வெளங்கல்ல. மேல சிங்களத்துல "ஹிஸ்", ஒண்டுமில்லாதது எண்டு எழுதி ஈந்திச்சி. வெறும் டேப்புக்கு எல்லாம் நான் அப்பிடித்தான் எழுதுற, செக்கிங்ல ஆமிக்காரனுக்கு வாசிச்சா வெளங்கணுமே. கை தவறி ஒங்கட டேப்லயும் எழுதிட்டன் போல. ஆறு மாசமா இந்தக் கைய நானே ஏசிக்கிட்டு ஈக்கிறன்.

— உங்கட கையை ஏசாதேங்கோ, நானா.

— ஏன்?

— அந்த டேப்போட வந்த அண்டைக்கு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில ஆமி பஸ்ஸை மறிச்சுப் பை பையாத் துழாவினாங்கள். என்ரை பையில நாலு பிள்ளையளின்ரை முகம் கிடந்தது. உங்கட மேசையில பாத்த எழுத்தை நினைச்சு, வெறும் டேப் எண்டு விடட்டும் எண்டு, அந்த "ஹிஸ்" எழுதினது நான்.