ஐம்பது எம்எம் லென்ஸ்

முதன்முதலாகக் கேமரா வாங்குகிறவர்கள் லென்ஸ் இல்லாத வெறும் பாடிக்கே முழுப் பணத்தையும் கொட்டிவிடுகிறார்கள், மேடம். அது தப்பு. பாடி பழசாக இருந்தாலும் பரவாயில்லை, லென்ஸ்தான் முக்கியம். மாதச் சம்பளக் குடும்பம் முப்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால், யாரோ கொஞ்ச நாள் வைத்திருந்து விற்ற டிஎஸ்எல்ஆர் பாடியும் புதிதாக ஓர் ஐம்பது எம்எம் லென்ஸும் வாங்கிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரருக்கு நான் அப்படித்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

வெளியே பெஞ்சில் கொத்தனார் கலியன் உட்கார்ந்திருக்கிறார். அவர் மாடியில் கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டதால்தான் என் வீட்டுக்காரர் விழுந்து செத்தார் என்று தினமும் அவரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி உட்கார வைக்கிறீர்கள். அவர்மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். கேமராவிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் வீட்டுக்காரர் சக்கரபாணி மைன்ஸில் பெர்மனென்ட். தங்கமான மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கல்யாணமான முப்பது வருஷத்தில் என்மேல் ஒருமுறைகூடக் கை ஓங்கியதில்லை. எங்கள் பிளாக்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மார்க்கெட்டுக்குக் கூடவே வருவார். கோயிலில் பெண்கள் வரிசையை ஒட்டியே நிற்பார். குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டி, "ஒண்ணுமில்லையே?" என்பார். அது அன்புதான், மேடம். நான் இல்லையென்று சொல்லவில்லை. எனக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான்.

ஆனால் அவருக்கு ஷிப்ட் என்றால் எனக்கு லீவு. அவர் டியூட்டிக்குப் போனதும் நான் வடலூர் பஸ் ஏறிவிடுவேன். அங்கே போய் ஒன்றும் வாங்கமாட்டேன், சபைக்குக்கூடப் போகமாட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவேன், அடுத்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திரும்பி வருவேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். போன் ஏன் எடுக்கவில்லை என்று அவர் கேட்டால், தூங்கிவிட்டேன் என்பேன்.

இந்த வருஷம் அவருக்கு ரிட்டையர்மெண்ட். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "இனிமே ஷிப்டே கெடையாது, தமயந்தி. நல்ல கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீ எங்க போனாலும் கூடவே வந்து எடுப்பேன். வேற எதையும் எடுக்க மாட்டேன், உன்ன மட்டுந்தான்." பெங்களூரில் இருக்கிற மகள் இளவேனில் இதைக் கேட்டுப் போனிலேயே உருகிப்போனாள். "அம்மா, நீ குடுத்து வச்சவம்மா" என்றாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயந்துபோயிருந்தேன்.

பிறகு உட்கார்ந்து படித்தேன். அவர் டியூட்டியில் இருந்த நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்தேன். கேமராவோடு சேர்த்துத் தருகிற ஜூம் லென்ஸில் நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருப்பினால் போதும், ஆள் கிட்டேயும் வருவார், எட்டவும் போவார். ஐம்பது எம்எம்மில் அந்த வசதி கிடையாது. படம் என்னவோ அழகாக வரும், விலையும் கம்மி. ஆனால் ஆள் முழுசாக வரவேண்டுமென்றால் எடுக்கிறவர்தான் பின்னால் போக வேண்டும்.

கடலூரில் கடைக்காரர் நல்லவராகத்தான் இருந்தார். "சார் புதுசா கத்துக்கினு இருக்காரு, ஜூமே குடுத்துடறேங்க. இதுல பின்னாடி பின்னாடி நடந்துகினே இருக்கணும்" என்றார். "நடக்கட்டும், ரிட்டையர் ஆகப்போற உடம்புக்கு நல்லதுதானே" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். "எங்க வீட்ல எல்லாம் அவ சாய்ஸ்தான்" என்று என் வீட்டுக்காரர் அந்தக் கடைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

குவார்ட்டர்ஸ் தெருவில் பழகினோம். கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் படம் எடுக்கும்வரை கண்ணை எடுக்கக் கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் பின்னால் போய்க்கொண்டே, "எடம் இருக்கா?" என்று கேட்பார். "வேப்பமரம், நில்லுங்க" என்பேன். நிற்பார். "சைக்கிள் வருது, நில்லுங்க" என்பேன். நிற்பார். போகப் போக ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதெல்லாம் என் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஒரு டீச்சர் மாதிரி பொறுமையாகத்தான் இருந்தேன்.

ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதனால் எல்லோரையும் போல நாங்களும் வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மாடித் தளம் போட்டு முடித்ததும் கலியன் என்னிடம் வந்தார். "கைப்பிடிச் செவுத்த எழுப்பிட்டு அப்பறமா தரைக்குத் தட்டு ஓடு ஒட்டலாங்கம்மா. ஆளுங்க நடமாடற எடம்" என்றார். முதலில் ஓடு, சுவர் அப்புறம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "உங்க வூடு, உங்க இஷ்டங்க" என்று போய்விட்டார். இதை அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார். அப்படி எதுவும் நான் சொல்லவில்லையென்று முதல் நாள் உங்களிடம் தலையாட்டினேன். பெர்மனென்ட்காரர் பெண்டாட்டி இல்லையென்று சொல்லிவிட்டால் கொத்தனார் பேச்சு எடுபடாது என்று எனக்குத் தெரியும்.

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பீர்கள். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காரியம் முடிந்ததிலிருந்து தினமும் போனேன். இன்றைக்குக் கலியனின் மனைவி மாணிக்கம்மாள் பார்த்துவிட்டு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். "எங்க ஆளு என்னாம்மா தப்பு பண்ணுச்சு? நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று வடலூர் வரைக்கும் அழுதுகொண்டே கேட்டாள். திரும்பி வரும்போதும் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே முடியவில்லை. நாளைக்கும் வருவாள் என்று தோன்றியது.

அவர் விழுந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை வெயில் நன்றாக இருந்தது. புது வீட்டு மாடியில் என்னை ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். மாடிப்படி அறைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். அந்த இடத்தை நான்தான் பிடித்தேன். தளம் முழுவதும் அவருக்குப் பின்னால் இருந்தது. பார்த்தார். "இடுப்பு வரைக்கும்தான் வருது" என்றார். "புடவை முழுசா தெரியணுங்க" என்றேன். பின்னால் போனார். "முட்டி வரைக்கும் வருது" என்றார். இன்னும் போனார். பிறகு நான் பழக்கியபடியே நின்று, கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பின்னாடி எடம் இருக்கா, தமயந்தி?"

ஓர் அடி இருந்தது. கீழே ஜல்லியும் கம்பியும் கிடந்தன.

"நிறைய இருக்குங்க."

அந்த அடியை எடுத்து வைத்துப் பட்டனையும் அமுக்கிவிட்டார். அதற்கு அப்புறம்தான் விழுந்தார். படத்தைப் பாருங்கள், உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை வந்திருக்கிறேன், துளிகூட ஆடவில்லை. சீக்கிரமாகவே கற்றுக்கொண்டுவிட்டார், பாவம்.

கலியனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எழுதிக்கொள்ளும்போது ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் அவரைத் தள்ளவில்லை. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். முப்பது வருஷமும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.