அப்பாவுக்குக் கடல் பார்த்த ரூம்

– வெள்ளைத் துணியில என்னன்னு ரூம் பெருக்குறவ கேட்டா, அப்பான்னா சொல்லுவே? மீன் ஊறுகா ஜாடின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே கோப்?

– பெத்த அப்பன ஊறுகான்னு சொல்லச் சொல்றியாக்கா? அஸ்தி கரைக்க வந்திருக்கோம், காலைல படகுன்னேன். பாவம் அந்தப் பொண்ணு, கும்பிட்டுட்டுத்தான் போனா.

– கும்பிட்டுட்டு நேரா மேனேஜர்கிட்ட போனா. அவன் மாடிப்படி ஏறி வர்றான், சிரிச்சிக்கிட்டே வர்றான். மன்னிக்கணுங்க, இந்த ரூம்ல ஏசி ஒழுகுது, வேற ரூமும் இல்லைங்கறான்.

– ஏசி ஜில்லுன்னுதான் ஓடிட்டிருந்துச்சு.

– அதான் வயித்தெரிச்சல். வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போயேன். நம்ம சனம் உயிரே போனாலும் சொல்லாது. அடுத்த லாட்ஜுல அந்தம்மா ஃபுல்லுங்கறா, சாவியெல்லாம் அவ முதுகுக்குப் பின்னாடி வரிசையாத் தொங்குது. அப்புறம் மரவீடு வாடகைக்கு விடறானே, அவன் ரூமு பூரா சாமான் போட்டு வெச்சிருக்கேன்னான். எல்லாருக்கும் என்ன ஒரு சிரிப்பு.

– நீயும்தான் பரவால்லீங்க, பரவால்லீங்கன்னு பல்லைக் காட்டிட்டு வந்தே. வண்டில ஏறினதும் என்மேல பாயுற. சத்தியமாச் சொல்றேன், எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. காலையிலேர்ந்து நான்தான் ஓட்டறேன்.

– சரி சரி, ரோட்டப் பாரு. பாலம் வருது. அப்பாவுக்குச் சொல்லு.

– அப்பா, பாலம் தாண்டறோம். கூடவே வாங்க.

– இன்னும் கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன். நம்ம ஊரு சுபான்புரியிலேர்ந்து ஒரு பாலம் விடாம, ஒரு திருப்பம் விடாம சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கோம். சொல்லாம விட்டா அவரு ஆவி அந்தக் கரையிலயே நின்னுடும்.

– தெரியும்க்கா. ஆனா நான் மொதல்லயே என்ன சொன்னேன்? சவுக்குத் தோப்புப் பக்கம் ஃபேன் ரூம் இருக்கும், நமக்கு அது போதும்னேன். நீதான் நீச்சல் குளம், கடல் பார்த்த ஜன்னல்னு ஒத்தக்கால்ல நின்னே. கண்ணாடிக் கதவு வெச்ச எடத்துல எல்லாம் நம்மள இப்படித்தான் நடத்துவாங்க.

– எனக்காடா கேட்டேன்? அப்பா ஆயுசு பூரா டூரிஸ்ட் பஸ் ஓட்டுனாரு. இதே சா-ஆம் பீச்சுக்கு எத்தனை சனத்தைக் கொண்டாந்து எறக்கியிருப்பாரு. அவங்கெல்லாம் ஓட்டல்ல போத்திக்கிட்டுத் தூங்குவாங்க. இவரு பஸ்ஸுக்கு அடியில, பெட்டி அடுக்கற பொந்துல பாய விரிச்சுப் படுத்துக்குவாரு. வீட்டுக்கு வந்தா ஒடம்பு பூரா கொசுக்கடி. கேட்டா, அலைச் சத்தம் ராத்திரி பூரா நல்லாக் கேட்டுதும்பாரு.

– நம்மகிட்ட வேறென்ன சொல்லுவாரு?

– ஒரு ராத்திரியாச்சும் அவரு எறக்கி விட்ட ஆளுங்க மாதிரி படுக்கட்டுமேன்னு நெனச்சேன். நாளைக்குக் கடல்ல விட்டுட்டா அப்புறம் யாருக்குடா ரூம் போடறது?

– அழாதேக்கா.

– அழல. எரிச்சலா வருது. அங்க என்ன போர்டு?

– ஃபேன் ரூம்னு போட்டிருக்கு. வாசல்ல ஒரு அம்மா கணவா மீன் காயப் போட்டுட்டிருக்காங்க. நிறுத்தட்டா?

– நிறுத்து. பேச்ச நான் பாத்துக்கறேன். இனிமே மறைக்கறதும் இல்ல, மழுப்பறதும் இல்ல.

– வாம்மா, வா தம்பி. லீவு நாளு பாரு, ஊரே நெறஞ்சு கெடக்கு. பின்பக்கம் ஒரே ஒரு ரூம் மிச்சமிருக்கு. எத்தனை பேரு கண்ணு?

– மூணு பேருங்கத்தை. நானு, என் தம்பி, எங்கப்பா. அப்பா இந்தத் துணிக்குள்ள இருக்காரு. காலைல கடல்ல விடறோம். ஆகாதுன்னா இப்பவே ஆகாதுன்னு சொல்லிடுங்க. தயவுசெஞ்சு சிரிக்க மட்டும் செய்யாதீங்க.

– நான் ஏன் கண்ணு சிரிக்கப் போறேன், எங்க வீட்டுக்காரரும் அந்தக் கடல்லதான் கெடக்காரு. தாராளமாத் தங்குங்க. ஒண்ணே ஒண்ணு, புது ஆவி படியேறுதுன்னா வீட்டைக் காக்கற எங்க மனைச்சாமி மறிக்கும். அதுக்கு ஊதுபத்தி ஏத்தி, இன்னாரு வர்றாரு, ஒரு ராத்திரிக்கு எடம் குடுன்னு நான் கேட்டுக்கறேன். தம்பி, நீ போயி அப்பாவ வண்டியிலேர்ந்து எறங்கச் சொல்லு.

– என்னடா, கோப்? மரம் மாதிரி நிக்கற. அத்தை சொல்றாங்கல்ல, போய்க் கூப்பிடு.

– அக்கா, அவரு வண்டில இல்லக்கா.

– உளறாதே. என் கையிலதானே இருக்காரு.

– உன் கையில இருக்கறது சாம்பல். அப்பாவ நான் அந்த மொத ஓட்டல்லயே எறக்கிட்டேன். வாசல்ல வண்டி நின்னதும், வந்துட்டோம்ப்பா, எறங்குங்கன்னேன். மாடி வரைக்கும் சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். கட்டில் மேல ஜாடிய வெச்சு, இதான் உங்க கட்டில், காலை நீட்டிப் படுங்கன்னேன். அப்புறம்தான் மேனேஜர் வந்தான். நீ ஜாடியத் தூக்கிட்டு விறுவிறுன்னு எறங்கிட்டே, நான் பையத் தூக்கிட்டு உன் பின்னாடியே ஓடி வந்தேன். வாங்கப்பா, கெளம்பறோம்னு நீயும் சொல்லல, நானும் சொல்லல.

– ஐயோ. அப்போ பாலம், திருப்பம்னு இவ்வளவு நேரம் யாருக்குடா சொல்லிட்டு வந்தே?

– வெறும் ஜாடிக்கு.

– எடு வண்டிய. இப்பவே போறோம். உள்ள விடலேன்னா ரோட்டுல நின்னு கூப்பிடறேன். இந்நேரம் அந்தக் கட்டில வேற எவனுக்காச்சும் குடுத்திருப்பானுங்க. இந்த மனுஷன் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டாரு, மூலைல ஒதுங்கி நிப்பாரு.

– நில்லு கண்ணு. எந்த ஓட்டலு? பீச் ரோட்டுல நீலக் கூரையா?

– அதேதாங்கத்தை.

– எங்க நாத்தனார் மக அங்கதான் துணி துவைக்கறா. அஸ்தி உள்ள போன ரூம்னா பிக்கு வந்து தண்ணி தெளிக்கற வரைக்கும் ஈ காக்கா உள்ள போகாது. பெருக்கறவளுங்க வாசப்படியே மிதிக்க மாட்டாளுங்க. இந்நேரத்துக்கு எந்த பிக்கு வர்றாரு? காலைல பிச்சைக்கு வர்றவரைத்தான் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் பூட்டியேதான் கெடக்கும்.

– உள்ள யாருமே இல்லாமயா?

– யாரும் இல்ல.

– கோப், ஏசிய அணைச்சியா?

– எங்க அணைச்சேன். ஓடி வர்ற அவசரம்.

– ஜன்னல் திரை?

– நான்தான் ஒதுக்கி விட்டேன். படுத்துக்கிட்டே பாத்தாக்கூட கடல் தெரியும்.

– அத்தை, ரூம் எங்க ரெண்டு பேருக்கு மட்டும் போதும். ஃபேன் சுத்தினாச் சரி. அப்பாவ, பிக்கு வர்றதுக்கு முன்னாடி போயி எழுப்பிக் கூட்டிக்கறோம்.