அண்ணியின் சிலேட்டு

பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு போகக் கூடாது. கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வந்து அப்பிவிடுகிறது. ஏழு நாளும் நான் சீப்பும் கையுமாகத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஏகாம்பரநாதன் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வாக்குமூலத்தில் ஒரு நல்ல சமாசாரமும் இருக்கட்டுமே.

நீலாம்பாள் அண்ணியைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன். அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கி, தேரடியில் கற்பூரக் கடை வைத்துக் கொடுத்து, என்னையும் கட்டி வைத்தவர். தங்கமான மனுஷி. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. குழம்பு வைத்தால் உப்பு கம்மி என்பார், கோலம் போட்டால் புள்ளி கோணல் என்பார். நாங்கள் இரண்டு பேரும் வருஷா வருஷம் கடல் பார்க்கக் கிளம்புவோம். வருஷா வருஷம் கிளம்புகிற அன்று அவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். நாங்கள் பெட்டியைத் திறந்து துணியை மறுபடி அடுக்கி முடிப்பதற்குள் முழங்கால் சரியாகிவிடும்.

இப்படிப்பட்டவர் மௌன விரதம் இருக்கப் போகிறேன் என்றால் சிரிப்பு வருமா வராதா? நம் மலையைச் சுற்றி எத்தனையோ சாமியார்கள் வாயை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணிக்கும் ஆசை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு நாள், மாடி அறையில், தனியாக. முதல் தடவை ஒன்பதாம் நாளே, "அடியே, பால் பொங்குது" என்று மாடியிலிருந்து கத்திவிட்டார். இரண்டாம் தடவை ஒரு பூனையைத் திட்டப் போய் விரதம் கெட்டது.

"அண்ணாமலையாருக்கே உங்க குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சி அண்ணி. நீங்க சும்மா இருந்தா அவரே தேடிக்கினு வந்துடுவாரு" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"இந்த வாட்டி உயிரே போனாலும் வாயத் திறக்க மாட்டேன், பாரு" என்றார்.

அப்படித்தான் இந்த ஆனி மாதக் கடைசியில் மூன்றாவது விரதம் ஆரம்பித்தது. மனசு மாறி இறங்கி வந்துவிடக் கூடாதாம், வெளியே சங்கிலி போட்டுவிடச் சொன்னார். நான் போட்டேன். நடைப் பக்கத்து ஜன்னல் வழியாகக் காலையும் மாலையும் சாப்பாடும் ஒரு செம்புத் தண்ணீரும் கொடுப்போம். பேச வேண்டியதை அவர் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவார். விரதத்தில்தான் அவர் அதிகம் பேசினார் என்று சொல்ல வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். சிலேட்டில் எழுதினால், "ரசம் தண்ணி" என்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாருக்காக இந்த விரதம் என்றா கேட்கிறீர்கள்? எனக்குக் குழந்தை பிறக்க வேண்டுமாம்.

இந்தத் தடவை கடலுக்குப் போகச் சொன்னதும் அவர்தான். "ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. காசியம்மா பாத்துக்குவா" என்று எழுதினார். காசியம்மாள் எங்கள் வீட்டு வேலைக்காரி. வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தாயிற்று என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

காசியம்மாள் ஸ்டேஷனில் சொன்னது அத்தனையும் நிஜம். பாவம், அவளை அனுப்பிவிடுங்கள். "அண்ணி விரதத்த விட்டுட்டாங்க. எங்ககூட சமுத்திர ஸ்நானத்துக்கு வராங்க. ஒரு வாரம் நீ வர வேணாம்" என்று அவளிடம் சொன்னது நான்தான்.

அவள் வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள். "இந்த வாட்டியும் முடியலியாம்மா?" என்றாள். இரண்டு தடவை பார்த்தவள் அல்லவா, நம்பிவிட்டாள். எதிர்வீட்டு இருசப்பனிடம் அவளே போய்ச் சொல்லியும் விட்டாள்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை ஐயா. ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் தானாக வாய் திறப்பார் என்று நினைத்தேன். ஒரு குரல் கொடுத்தால் போதும், தெருவே ஓடி வரும். நாங்கள் திரும்பி வந்ததும், "என்ன அண்ணி, மூணாவது வாட்டியும் போச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பாண்டிச்சேரி நன்றாக இருந்தது. கடலோரமாகவே நடப்போம். என் முந்தானை பறந்து அவர் முகத்தில் விழும். மூன்றாம் நாள் அவருக்கு மனசு கேட்கவில்லை. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"பாகம், அக்கா தனியா இருக்குது. திரும்பிடலாமா?"

"உங்கக்கா இங்க இருந்தா இந்தக் காத்தையே கோணல்னு சொல்லுவாங்க. பேசாம வாங்க" என்றேன். சிரித்துவிட்டார். ஆனாலும் இருசப்பனுக்கு ஒரு கார்டு எழுதினார். காசியம்மாள் ஒழுங்காக வந்து அக்காவைக் கவனிக்கிறாளா என்று பார்க்கச் சொல்லி. அதைத் தபாலில் போட என்னிடம்தான் கொடுத்தார். கடற்கரையில் பலமான காற்று. என் விரலில் இருந்த கார்டைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. நான் இறுக்கிப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதந்தது. அலையை விட்டுத் தள்ளி நின்று அதைப் பார்த்தேன். பிறகு நாங்கள் இன்னும் நாலு நாள் இருந்தோம்.

எட்டாம் நாள் ஜட்காவிலிருந்து இறங்கும்போதே இருசப்பன் வந்துவிட்டார். "உங்க மாடி ஜன்னலச் சாத்தாம போய்ட்டீங்களா? ரெண்டு நாளா டொக்கு டொக்குனு அடிச்சிக்கினே இருந்திச்சி. ஆடிக்காத்து ஜாஸ்தி. அப்பறம் தானா நின்னுடுச்சி" என்றார். எங்களோடு அண்ணி இறங்கவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தார். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினார்.

அவர் வாசலைத் திறந்ததும் மாடிக்கு நான்தான் முதலில் ஏறினேன். அண்ணி ஜன்னலடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலிச் செம்பு கிடந்தது, அடிப்பக்கம் நசுங்கியிருந்தது. அதைக் கொண்டுதான் தட்டியிருக்கிறார். கையால் தட்டுவார், செம்பால் தட்டுவார், கூப்பிட மட்டும் மாட்டார். அத்தனை வீம்பு. சொன்னபடியே வாயை மூடியிருந்தார்.

என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் விரதம் என்றால் இஷ்டம்தான்.

அவர் ஏறி வருவதற்குள் ஜன்னல் விளிம்பில் இருந்த சிலேட்டை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டேன். அழிக்கவில்லை. இதோ, உங்கள் மேஜைமேல் வைக்கிறேன். அண்ணியின் கையெழுத்துதான், கடைசி வரி மட்டும் கொஞ்சம் இறங்கிப் போயிருக்கிறது.

"காசியம்மா வரலை. அவளுக்கு என்ன கஷ்டமோ. பாகம் மேல தப்பில்லை. அவளைத் திட்டாதே தம்பி."

பன்னிரண்டு வருஷத்தில் என்னைப் பற்றிக் குறை இல்லாமல் அவர் எழுதியது இது ஒன்றுதான். அண்ணியே தப்பில்லை என்று சொல்லிவிட்டார் ஐயா, அதற்கு மேல் நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள்?