அழாத பிள்ளை

— கையக் காட்டுடி. துணியச் சுத்தி மறைக்காத.

— ஒண்ணுமில்லக்கா. இஸ்திரிப் பெட்டி லேசாப் பட்டுடுச்சு. உனக்கு யாரு போன் போட்டது?

— உன் சூப்பர்வைசர்தான். வீட்டு வேலைய அப்படியே போட்டுட்டு ஓடி வர்றேன். இதுவா லேசு? உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து கெடக்கு!

— கருகுற நாத்தம் வந்துச்சு. ஓட்டல் போர்வைதான் கருகுதுன்னு தூக்கித் தூக்கிப் பாத்துட்டு இருந்தேன். பக்கத்து மேசைக்காரி கத்துனப்புறந்தான் தெரியும்.

— வலிக்கல?

— அந்தக் கை அப்படித்தான். ஒண்ணும் சொல்லாது.

— அது என்னடி ‘அந்தக் கை’? எவ கையவோ பத்திப் பேசற மாதிரி!

— எனக்கு அப்படித்தான் இருக்கு. பசிச்சாலும் தெரியறதில்ல, தலை சுத்துனாத்தான் சாப்பிடலன்னு தெரியும். பிரசவத்துல சத்தமே போடலன்னு நர்ஸ் மெச்சிக்கிட்டா. நான் அங்க இருந்தாத்தானே சத்தம் போட?

— கிறுக்கு மாதிரிப் பேசாத. மருந்து போடணும், நீட்டு.

— கிறுக்கா? மறந்துட்டியா, மறந்த மாதிரி நடிக்கிறியா? அழுத புள்ள பால் குடிக்கும்னு ஊரே சொல்லும். நம்ம வீட்டுல அழுத புள்ளைக்கு அப்பா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுவாரு. பெல்ட்டால பத்து. ஒன்பதுல மூக்க உறிஞ்சினாலும் திரும்ப ஒண்ணு. எனக்கு ஆறு வயசுக்கா!

— எனக்கும்தான் விழுந்துச்சு.

— நீ பல்லக் கடிச்சுக்கிட்டு வாங்கினே. நான் வெளிய போயிடுவேன். உள்ள அடி வாங்கறது யாரோ ஒரு பொண்ணு. போகத் தெரிஞ்சுது, திரும்பி வரத்தான் தெரியல. அந்த ஆள நெனச்சா இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது.

— சொல்றதக் கேளு, அதெல்லாம் முடிஞ்ச கதை. இப்ப குச்சி இல்லாம நடக்க முடியல அவரால. குளிக்க வெந்நீர்கூட நான்தான் வெச்சுக் குடுக்கணும்.

— நீ வெச்சுக் குடுக்கணுமா?

— அது வந்து...

— அக்கா, அவரு எங்க இருக்காரு?

— கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும்! எங்க?

— எங்க வீட்டுலதான். ரெண்டு மாசமாச்சு. பெத்தவரத் தெருவுலயா விடச் சொல்றே?

— என் பொண்ணு தினமும் ஸ்கூல் விட்டு உன் வீட்டுக்குத்தான் வர்றா!

— அதான் அவகிட்ட, அம்மாட்ட சொல்லிடாதேன்னு சொல்லி வெச்சேன். கேட்டா நீ குதிப்பேன்னு தெரியும்.

— எட்டு வயசுப் புள்ள வாயப் பூட்டி வெச்சிருக்கே. நீயெல்லாம் ஒரு அக்கா! தூ!

— திட்டு, திட்டு. அப்பா மாறிட்டாருடி. அவள ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்ல. அவளும் முன்ன மாதிரி இல்ல, அவ்ளோ சமத்து. போன வாரம் கதவிடுக்குல விரல் நசுங்கி நகமே கறுத்துப் போச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரணுமே! நான் பாத்துக் கேட்டப்பதான் ‘அட, ஆமா’ங்கறா.

— அந்த நகத்த நானும் பாத்தேன். விளையாட்டுல பட்டுதுன்னா. வலிக்குதாடின்னு ஒரு வார்த்த நான் கேக்கலக்கா.

— விடு. புள்ளைங்களுக்கு அடிபடறதுதான். கைய நீட்டு, மருந்து காயுது.

— மணி நாலரை ஆச்சு. நீ இங்க நிக்கிறே. அப்ப என் புள்ளகூட வீட்டுல யாரு?