ஆமா போட ஆள்

நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டி வண்டி இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டில் ரிட்டயரான இரண்டு பேர், ஒரு அண்ணாச்சியும் ஒரு பாயும்.

"ஆமா போட உங்கள விட்டா ஆளில்ல பாய்," என்றார் அண்ணாச்சி. "மதநல்லிணக்க விழாவாம். நம்ம பழைய வில்லுப்பாட்டத் திரும்பப் போடச் சொல்லுதாங்க."

"ஆமா!" வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போடுகிற அதே இழுவை.

"நான் வில்லடிக்க, அந்தோணி குடம் அடிக்க..."

"ஆமா!"

"ஷிப்ட் முடிஞ்சு வந்தவன்லாம் யூனிஃபார்மோட நின்னு கேட்டான்."

"ஆமா!"

"கோயில் கொடையில நீங்க போட்ட ஆமாவுக்கே பாதிப் பேருக்குச் சாமி வந்துச்சே!"

"ஆமா, ஆமா!" பாய் குலுங்கிச் சிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணு. நீங்க தொப்பி போட்டு வரணுமாம். அந்தோணி சிலுவைய வெளிய எடுத்து விடணுமாம். அப்பதான் போட்டோவுல தெரியுமாம்."

பாய் ஆமா போடவில்லை. டிரைவர் ஏறி வண்டியை எடுத்தார்.

"அன்னைக்கு மூணு பேரும் ஒரே மாதிரி சிவப்புத் துண்டுலதான அண்ணாச்சி தலைப்பா கட்டியிருந்தோம்? யாரு பாய், யாரு அந்தோணின்னு எவன் கேட்டான்?"

வண்டி ஆர்ச் கேட்டைத் தாண்டியது.

"ஆமா," என்றார் அண்ணாச்சி, இழுவை இல்லாமல்.